லாபம், ரெண்டு, மூணு

எங்கள் கம்பெனி பஸ் ஷிஃப்ட் முடிந்து கிளம்ப வேண்டுமென்றால் யாராவது தலைகளை எண்ணியாக வேண்டும். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வரும் பெண்கள் இருபத்துமூன்று பேர் அந்த பஸ்ஸில் வருவார்கள். எல்லாரும் ஏறியாச்சு என்று ஹாஸ்டல் லீடர் சொன்னால்தான் டிரைவர் கியரைப் போடுவார். நான் பிள்ளைப்பாக்கத்துக்காரி. சொந்த வீட்டிலிருந்து வந்துபோகிறவள், வழியில் இறங்கிவிடுகிறவள். அதனால் அந்த எண்ணிக்கையில் நான் சேர்த்தி இல்லை.

லீடர் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். லைனில் எனக்கு அடுத்த மேஜை. என்னைவிட எட்டு வயது சின்னவள். அவள் எண்ணுவதே ஒரு தினுசு. முதலில் தன் நெஞ்சைத் தொட்டு "லாபம்" என்பாள். அப்புறம் ஒவ்வொரு தலையாக விரலை நீட்டி, "ரெண்டே, மூணே, நாலே" என்று இழுத்துக்கொண்டே கடைசி சீட் வரைக்கும் போவாள். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்திலும் உண்டுதான். ஆனால் பஸ்ஸில் ஏறிய ஆளை அப்படி எண்ணி நான் கேட்டதில்லை.

"இன்னாடி இது? நாங்க இன்னா நெல்லு மூட்டையா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுன்னு ஆரம்பிச்சா ஒண்ணோட நின்னுரும்க்கா. எங்க அம்மை ஒலையில அரிசி போட்டாலும் லாபம்னுதான் முதப்படியப் போடுவா. எனக்கும் வாயில அப்படித்தான் வருது" என்றாள்.

எனக்குப் பாட்டுப் பைத்தியம் உண்டு. பாடத் தெரியாது. வாத்தியம் ஒன்றும் தெரியாது. போனில் இலவசமாகக் கிடைத்த ஒரு ஆப்பில் தாளத்தை அடுக்கி, சத்தங்களை வெட்டி ஒட்டி விளையாடுவேன். வேலை செய்யும் இடத்துக்குள் போன் கூடாது, லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் என் இசை முழுவதும் பஸ்ஸில் பிறந்தது. குலுக்கலில் விரல் வழுக்கித் தப்பான இடத்தில் விழுந்த அடிகூட சில சமயம் நன்றாக அமைந்துவிடும். அப்போது அதையும் நானே யோசித்துச் செய்ததாக நினைத்துக்கொள்வேன்.

லைனில் ஒயர் சிக்கிக்கொண்டாலோ சாமான் தீர்ந்துபோனாலோ தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுப்போம். உடனே ஒரு பெட்டி பாட ஆரம்பிக்கும். குழந்தை பொம்மையில் வருவது போன்ற இனிமையான ட்யூன்தான். ஆனால் சூப்பர்வைசர் வந்து நிறுத்துகிறவரை விடாமல் பாடும், லைன் நின்றுவிட்டது என்று ஊருக்கே சொல்லும். ஒருநாள் பஸ்ஸில் அந்த ட்யூனை நினைவிலிருந்து எடுத்து ஆப்பில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் இவள் "லாபம், ரெண்டே" என்று ஆரம்பித்தாள். இரண்டும் ஒன்றோடு ஒன்று பொருந்தியதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மறுநாள் மெசேஜ் பார்ப்பதுபோல் போனை மடியில் வைத்துக்கொண்டு அவள் எண்ணுவதைப் பதிவு செய்தேன். அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை, காற்றில் வருவதுதானே. தாளம் எட்டு எட்டாக வந்ததால் எட்டு வரைக்கும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டினேன். எட்டு முடிந்ததும் திரும்பவும் லாபம் வரும். நடுவில் என் சொந்தச் சரக்காக இரண்டு வரி: "ஏறியாச்சா ஏறியாச்சா எல்லாரும், வூடு போவுது பாரு எங்க தேரு." எனக்குப் பாட வராததால் பின் சீட்டுப் பெண்ணைப் பாடவைத்தேன்.

டிரைவர் அண்ணன் அதை பஸ் ஸ்பீக்கரில் போட்டார். பஸ்ஸே கூத்தடித்தது. லீடர் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"எக்கா, இது என் குரலா? கழுத கத்துத மாதிரில்லா இருக்கு!"

அந்தச் சிரிப்பையே சம்மதமாக நான் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவளை எதுவும் கேட்கவில்லை.

பாட்டு வாட்ஸ்அப்பில் ஏறி மற்ற கம்பெனி பஸ்களுக்கும் போயிற்று. டீக்கடையில் முன்பின் தெரியாத ஒரு பெண் அதை முணுமுணுத்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "அது என் பாட்டும்மா" என்று வலியப் போய்ச் சொன்னேன். அவள் நம்பவில்லை. அதுவும்கூட எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேரப்பணஞ்சேரியில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தி நடந்துகொண்டிருந்தது. திடீரென்று பந்தலில் கட்டியிருந்த பெரிய ஸ்பீக்கர் பாக்ஸிலிருந்து எங்கள் லைன் பெட்டியின் ட்யூன். எனக்கு எதிர் வரிசையில் எங்கள் லைன் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். கையில் சோற்றுக் கவளத்தோடு பாதி எழுந்துவிட்டார் மனுஷன். எங்கே லைன் நின்றது என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அசடு வழிந்து உட்கார்ந்தார். நான் சிரிக்க வாயெடுத்தேன். அதற்குள் "லாபம், ரெண்டே" வந்தது. அதன்மேல் டமடமவென்று புது அடி, அதற்கும் மேலே ஒரு ஆண் குரல் தன் பெயரைக் கூவியது. என் இரண்டு வரியைக் காணோம். அந்த இடத்தில் அவன் பெயரே இரண்டு தடவை வந்தது.

எனக்குக் கோபம் வந்தால் சோறு இறங்காது. பாயசத்தைக்கூடத் தொடாமல் எழுந்து பாக்ஸ்காரரிடம் போனேன். பாட்டைக் கலந்து அனுப்பியவர் வாலாஜாபாத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர் என்று அவர் சொன்னார். அடுத்த வார லீவு நாளில் லீடரையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

"திருட்டுப் பையன்! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறான். இன்னிக்கு நானாச்சு அவனாச்சு" என்றேன். இவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நான் மனசுக்குள் செதுக்கி வைத்திருந்த வில்லன் அங்கே இல்லை. சவுண்ட் சர்வீஸ்காரருக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தில் ஹெட்போன், மேஜையில் பழைய லேப்டாப். எங்களை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். நான் டீயைத் தொடாமல் விஷயத்தைச் சொன்னேன்.

"உங்க பாட்டாக்கா அது? எனக்கு வாட்ஸ்அப்புல வந்துச்சி. பேரு ஒண்ணும் இல்ல. பேரு இல்லாத பாட்டு பொதுப் பாட்டுன்னு நெனச்சிகினேன்" என்றார்.

"பொதுன்னா எதுக்கு உன் பேரைக் கூவி வச்சிருக்கே?"

அவர் தலையைச் சொறிந்தார். "தொழில்ல எல்லாரும் அப்டிதான்க்கா பண்றாங்க. சரி, ட்யூன் நீங்க போட்டதா?"

"அது கம்பெனிப் பொட்டில வர்றது."

"குரலு?"

"இவளுது" என்று கையைக் காட்டினேன். "சந்தேகம்னா இப்பவே எண்ணச் சொல்றேன், கேட்டுக்கோ. எண்ணுடி."

இவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்றாள். இழுவை இல்லை, ராகம் இல்லை. ரேஷன் கடையில் டோக்கன் கூப்பிடுவது மாதிரி இருந்தது.

"இது இல்லியேக்கா. அதுல லாபம்னு இல்ல வருது?" என்றார் அவர்.

எனக்கு மானம் போயிற்று. "இன்னாடி வெளையாடிகினு கீறே? ஒழுங்கா சொல்லு!" என்று அவள்மேல் பாய்ந்தேன்.

"இப்ப நான் அப்படி எண்ணுததில்லக்கா" என்றாள். "ஒரு மாசமாச்சு."

ஒரு மாதமாக நானும் அதே பஸ்ஸில்தான் போய்வந்திருக்கிறேன். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு என் பாட்டையே கேட்டுக்கொண்டு போயிருக்கிறேன். அவள் மெதுவாகச் சொன்னாள். பாட்டு பரவின பிறகு அவள் லாபம் என்று ஆரம்பித்தாலே பஸ்ஸில் எல்லாரும் கூடவே பாட ஆரம்பித்துவிடுவார்களாம். எட்டு முடிந்ததும் பாட்டில் வருவதுபோல அவர்கள் திரும்பவும் லாபத்துக்குப் போய்விடுவார்களாம். ஒன்பது எங்கே, பதினேழு எங்கே என்று இவளுக்குக் குழம்பிவிடும். நான் லீவில் இருந்த ஒருநாள், இருபத்துமூன்று என்று நினைத்து இருபத்திரண்டு பேரோடு பஸ்ஸை அனுப்பிவிட்டாள். பாத்ரூம் போயிருந்த ஒரு பெண் கேட்டில் இரண்டு மணி நேரம் அழுதுகொண்டு நின்றிருக்கிறாள். ஹாஸ்டல் வார்டன் இவளிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கியிருக்கிறார். இன்னொரு தடவை நடந்தால் ஹாஸ்டலைக் காலி செய் என்றும் சொல்லியிருக்கிறார். ஹாஸ்டல் போனால் வேலையும் போன மாதிரிதான், அவளுக்கு இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்திய. எப்படிச் சொல்ல?" என்றாள். பிறகு, "எங்க அம்மை சொல்லுத வார்த்தைக்கா அது. இப்ப அது உங்க பாட்டுல இருக்கு, எங்கிட்ட இல்ல" என்றாள்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். அந்தக் கை என்னுடையது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த மனிதர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் என் பேரை எடுத்துர்றேன்க்கா. இனிமே போடவும் மாட்டேன்" என்றார். சண்டை போட வந்த நான் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

திரும்பி வரும்போது, "மன்னிச்சிருடி. வூட்டுக்குப் போனதும் பாட்டை அழிச்சிடறேன்" என்றேன்.

அவள் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள். "அழிக்காண்டாம்க்கா. நல்லாத்தான இருக்கு. ஆனா எட்டுல ஏன் வெட்டுனிய? நாங்க இருவத்திமூணு பேருல்லா?"

"தாளம் அப்டிடி."

"அப்ப தாளத்த மாத்துங்க. அவ அவ நம்பர அவ அவளே சொல்லட்டும். நான் லாபத்த மட்டும் சொல்லுதேன்."

நான் பாட்டு செய்கிறவள் என்று இத்தனை நாள் பீற்றிக்கொண்டிருந்தேன். இந்த யோசனை எனக்கு வரவேயில்லை.

அந்த வாரம் முழுவதும் ஒவ்வொரு சீட்டாகப் போய், "உன் குரலைப் பாட்டுல வச்சிக்கலாமா?" என்று கேட்டேன். கேட்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. இருபத்திரண்டு பேர் சரி என்றார்கள். பதினொன்றாம் நம்பர் மட்டும், "எங்க அப்பா காதுல விழுந்தா திட்டுவாருக்கா, வேணாம்" என்றாள். அவளுக்குப் பதிலாக அந்த இடத்தில் ஒரு கைதட்டு வைத்தோம், அதையும் அவளே தட்டினாள். இருபத்துமூன்றை எட்டால் வகுத்தால் மிச்சம் நிற்கிறது. தாளத்தை இழுத்துப்பிடித்துச் சரிசெய்வதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. பெட்டி ட்யூனைப் போட்டது யார் என்று சூப்பர்வைசரைக் கேட்டேன். பெட்டியோடு வந்தது, தெரியாது என்றார். அதனால் பாட்டுக்குக் கீழே இப்படி எழுதினேன்: ட்யூன் யாருடையது என்று தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கீழே எல்லாப் பெயர்களும். முதல் பெயர் லீடருடையது.

இப்போது அதுதான் எங்கள் பஸ்ஸின் அட்டெண்டன்ஸ். ஸ்பீக்கரில் குரல் இல்லாமல் தாளமும் ட்யூனும் மட்டும் ஓடும். அவரவர் நம்பரை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். ஒருநாள் பதினேழில் சத்தமில்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். பதினேழு, காய்ச்சலென்று மெடிக்கல் ரூமில் படுத்திருந்தாள். போய்க் கூட்டிவந்தோம். அதற்குப் பிறகு ஒரு தலைகூட விடுபட்டதில்லை.

வாலாஜாபாத்காரர் ஒருநாள் போன் செய்தார். "அக்கா, புதுசு கேட்டேன், சூப்பரா கீது. ஒரு வளைகாப்புக்குப் போட்டுக்கட்டா?"

"என்னைக் கேக்காதே" என்று போனை லீடரிடம் கொடுத்தேன். இவள் அதிகாரமாக, "போடுங்கண்ணே. ஆனா எட்டுல வெட்டக் கூடாது" என்றாள். ஒரு பாட்டின் சொந்தக்காரி பேசுகிற பேச்சை அன்றைக்குத்தான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

அந்தப் பாட்டில் என் குரல் எங்கும் இல்லை. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை, எனக்கு நானே போட்டுக்கொண்ட தண்டனை அது. பஸ் எண்ணும்போது இயர்போனைக் கழற்றிவிட்டுச் சும்மா கேட்டுக்கொண்டிருப்பேன். போன வாரம் ஒரு சாயங்காலம் வழக்கம்போல அவள் நெஞ்சைத் தொட்டு, "லாபம்" என்றாள். பழைய இழுவையோடு. ரெண்டு, மூணு என்று குரல்கள் பின்னுக்குப் போயின, பதினொன்றில் கைதட்டு விழுந்தது, கடைசி சீட்டிலிருந்து "இருபத்திமூணு" வந்தது. டிரைவர் அண்ணன் கியரில் கை வைத்தார்.

"இருங்கண்ணே" என்றாள் இவள். என் பக்கம் திரும்பினாள். "எக்கா, நீங்க இன்னும் சொல்லல."

"நான் உங்க கணக்குல வரமாட்டேன்டி."

"ஹாஸ்டல் கணக்குல வரமாட்டிய. பாட்டுல வருவியள்லா?"

பஸ் முழுக்க என்னையே பார்த்தது. நடுவில் தாளம் காலியாக ஓடிக்கொண்டிருந்தது. "இருபத்திநாலு" என்றேன். கரகரத்த குரல், சுருதியும் இல்லை.

டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். "இன்னாம்மா, வார்டன் கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

"பிள்ளைப்பாக்கத்துல ஒரு ஆளு எறங்கிட்டாங்கன்னு சொல்லுங்கண்ணே" என்றாள். பஸ் கிளம்பியது.