கருவாட்டை ரீகிளாசிஃபை செய்தார்கள்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. பக்கத்து வீட்டு வியாகுலம் இடுப்பில் ஓலைப்பெட்டியோடு பார்சல் ஆபீஸுக்குப் போனார். அரைமணி நேரத்தில் அதே பெட்டியோடு திரும்பி வந்து என் வாசலில் நின்றார். முகம் சரியில்லை.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்லா? 'ரீகிளாசிஃபை'ன்னா என்ன?"

முப்பது வருஷம் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். இந்தப் பத்தியில் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளாத வாரம் குறைவு. கேட்டால் சும்மா இருப்பேனா? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பெட்டிக்குள் இருந்தது நெத்திலிக் கருவாடு. வியாகுலத்தின் புருஷன் தோணியில் கொச்சிக்குப் போயிருக்கிறார். ஒரே மகள் ரோஸ்லின் மெட்ராஸில், மூன்று மாதக் கர்ப்பம். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், பிள்ளைக்கும் நல்லதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மருமகன் எழுதிய கடிதத்தின் அடியில் மகளின் கோணல் எழுத்தில் ஒரு வரி: 'அம்மா, நம்ம வீட்டு நெத்திலி இருந்தா கஞ்சி இறங்கும்.'

வியாகுலம் நெத்திலியைத் தலை கிள்ளி, இரண்டு நாள் காயவைத்து, பெட்டியில் அடைத்து, மேலே துணி வைத்துத் தைத்திருந்தார்.

ஆபீஸில் கிளார்க் வழக்கம்போல, "உள்ள என்ன?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் — துணி. கிளார்க்கும் மூக்கைப் பொத்திக்கொண்டு 'துணி' என்று எழுதிக்கொள்வார். இரண்டு பக்கமும் புரிந்து வைத்திருக்கும் ஏற்பாடு.

வியாகுலம் 'கருவாடு' என்று சொல்லிவிட்டார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றேன் வழியில்.

"ஈஸ்டருக்கு முந்தின தவசுக்காலம்லா அண்ணாச்சி. நேத்து சாயந்தரம்தான் சாமியார்கிட்ட பாவமெல்லாம் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தேன். விடிஞ்சதும் போய்ப் பொய் சொன்னா, நேத்து முட்டங்கால் போட்டதுக்கு என்ன அர்த்தம்?"

ஆபீஸுக்குள் நுழைந்தோம்.

கிளார்க் மேஜையில் ஒரு சர்க்குலர். கருவாடு இதுவரை 'உணவுப் பொருள்'. அந்த மாதத்திலிருந்து ரீகிளாசிஃபை, அதாவது வகை மாற்றம், செய்யப்பட்டு 'அஃபென்ஸிவ் கூட்ஸ்'. அதாவது, அடுத்தவர் முகம் சுளிக்கும் சரக்கு. தகரப் பெட்டியில் ஈயம் வைத்து அடைக்க வேண்டும், சர்டிஃபிகேட் வேண்டும், தனி வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அவர் முதுகுக்குப் பின்னால் ஏழெட்டு ஓலைப்பெட்டிகள், எல்லாவற்றிலும் 'துணி' என்று லேபிள். சீலா கருவாட்டு வாடை கண்ணைக் கரித்தது. நான் அவற்றைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நான் என்ன சார் செய்ய? அது பேப்பர்ல துணிதான."

யோசித்துப் பாருங்கள். கடற்கரையில் மீன்காரப் பெண்கள் கூடையைக் கவிழ்த்து ஐந்து நிமிஷத்தில் பெரிசு வேறு, பொடி வேறு, உடைசல் வேறு என்று பிரித்துவிடுகிறார்கள். அங்கே கை அசைகிறது, மீன் இடம் மாறுகிறது. ஆபீஸில்? ரீகிளாசிஃபை, ரீகிரேடு, ரீடெசிக்னேட், ரீகேட்டகரைஸ்... பேனா மட்டும்தான் அசைகிறது. நெத்திலிக்கு விஷயமே தெரியாது. புதுத் துறைமுகம் வந்ததிலிருந்து எங்கள் ஊரில் கப்பலைவிட இந்த மாதிரி வார்த்தைகள்தான் அதிகம் வந்து இறங்குகின்றன.

இவ்வளவு ஏளனம் செய்கிறேனே, நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு வந்து டைப்ரைட்டரைத் தூசி தட்டினேன். இரண்டு பக்கம் இங்கிலீஷில் மனு. மேலே சொன்ன வார்த்தைகள் ஒன்றையும் விடவில்லை. 'மேற்படி பொருளை உணவாக ரீகிளாசிஃபை செய்யுமாறு...' கார்பன் காப்பியை வியாகுலத்திடம் பெருமையாகக் கொடுத்தேன். பெட்டியை மனுவோடு ஆபீஸில் ஒப்படைக்கச் சொன்னதும் நான்தான்.

நான்கு நாள் போயிற்று. மெட்ராஸிலிருந்து அடுத்த கடிதம் வந்தது. ரோஸ்லினால் எழுந்து நடக்கக்கூட முடியவில்லையாம்.

இருவரும் ஆபீஸுக்கு ஓடினோம். கிளார்க் ஃபைலைப் புரட்டினார்.

"ஒங்க மனுவ கம்ப்ளெயின்ட்டா ரீகேட்டகரைஸ் பண்ணி ஹெட் ஆபீஸுக்கு அனுப்பியாச்சு சார். விசாரணை முடியுமட்டும் பெட்டி இங்கனதான் இருக்கணும்."

நான்கு நாளாக அந்தப் பிள்ளை பட்டினி கிடந்தது என் இங்கிலீஷால்.

வியாகுலம் மேஜையைச் சுற்றி உள்ளே போனார். பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"எம்மா, எடுக்கக் கூடாது. அது விசாரணைச் சரக்கு."

"இது எம் மவளுக்குச் சோறு," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அன்று சாயங்காலமே மெட்ராஸ் ரயிலில் ஏறிவிட்டார். திருநெல்வேலிக்கு அந்தப் பக்கம் போயறியாதவர். ஜன்னலோரம் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டார்.

"யாராவது என்னன்னு கேட்டா?" என்றேன்.

"கட்டுச்சோறும்பேன். திங்கத்தான கொண்டு போறேன்? அது பொய் இல்லல்லா, அண்ணாச்சி?"

இல்லை என்றேன். அதைவிடச் சரியாக ஒரு பொருளை யாரும் வகைப்படுத்தி நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் மருமகன் எழுதிய போஸ்ட் கார்டு எனக்கு வந்தது. ரோஸ்லின் ஒரு கும்பா கஞ்சி குடித்தாளாம், வாந்தி இல்லை, ஆஸ்பத்திரி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

நேற்று வியாகுலம் ஊர் திரும்பினார். மீதி இருந்த நெத்திலியில் ஒரு கைப்பிடியைப் பொட்டலமாகக் கட்டி எனக்கும் கொண்டுவந்து கொடுத்தார்.

பிரித்துப் பார்த்தேன். பொட்டலத் தாள் என் மனுவின் கார்பன் காப்பி — கிழியாமல், சிந்தாமல், முதல்முறையாக ஒரு உபயோகத்துக்கு வந்திருந்தது.