நனையாமல் காத்த இரும்புக் கசடு

பதுளை டவுனில் வீட்டு வாசலில் ‘சிவில் எஞ்சினியர்’ என்று பலகை மாட்டிக்கொள்ளும் அளவுக்கு எனக்குத் திமிர் இருந்தது. ஹாலிஎலவுக்கு மேலே, நான் பிறந்த தேயிலைத் தோட்ட லயத்துக்குப் போகும் களிமண் ரோட்டுக்கு அந்தப் பலகையெல்லாம் தெரியாது. மழை பெய்தால் ஆட்டோ பாதியிலேயே நின்றுவிடும். என் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுது. இரத்தம் சுத்திகரிக்க வாரம் இரண்டு முறை அவளை நாற்காலியில் வைத்து நாலு பேர் கீழே தூக்கிப்போவார்கள்.

“ரோட்ட நான் பாத்துக்கிறேன்க்கா” என்றேன் வீராப்பாக. இரும்பு உருக்கும் ஆலையில் மிஞ்சும் கசடைப் பொடித்துக் களிமண்ணோடு கலந்து உருட்டினால் மண் இறுகும். ஆனால் புதுக் கசடில் சுண்ணாம்பு இருக்கும். மாதக்கணக்கில் மழையில் நனைந்தால்தான் அது அடங்கும். இல்லாவிட்டால் ரோட்டுக்குள் போன பிறகு ஈரம் பட்டு ஊதும். இதெல்லாம் எனக்குத் தெரியும். காலையில் வேலை பிரிக்க ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் லொறி கொட்டிய குவியலைக் காட்டிக் கங்காணியிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “பத்திரமா பாத்துக்குங்க. மழை முடிஞ்சதும் வர்றேன்.”

தோட்டத்தில் உரமோ சீமெந்தோ நனைந்தால் ஏச்சு விழும். அந்தப் பழக்கத்தில், கொழுந்து எடுக்கும்போது நனையாமலிருக்க இடுப்பில் கட்டுகிற படங்குகளைப் பெண்கள் ஒன்றாகத் தைத்துக் குவியலை மூடிவிட்டார்கள். அந்த மழைக்காலம் முழுக்கத் தாங்கள் நனைந்துகொண்டு மலைக்குப் போனார்கள்.

நான் திரும்பிப் போனபோது கங்காணி பெருமையோடு படங்கை விலக்கினார்.

“ஒரு சொட்டு படல தம்பி!”

“அருமைங்க!” என்று கை குலுக்கினேன். என் புத்தி அப்போது திறப்பு விழாவுக்கு எந்தச் சட்டை போடுவது என்பதில் இருந்தது. மறுநாளே கசடைக் கலந்து ரோட்டை உருட்டினோம்.

அடுத்த மழைக்கு ரோடு அப்பளமாக உப்பி, வெடித்தது. ஆட்டோ பழைய இடத்துக்குக்கூட ஏறவில்லை.

“நாங்க ஏதும் தப்புப் பண்ணிட்டோமா தம்பி?” என்று கங்காணி கேட்டார்.

“இல்லீங்க. நனைய விடணும்னு நான்தான் சொல்லல.”

சொல்லும்போது வெட்கத்தில் காது சுட்டது.

அன்று அக்காவுக்கு ஆஸ்பத்திரி நாள். நாற்காலி வெளியே வந்தது. தூக்கியவர்களில் ஒருவரை விலக்கிவிட்டு நான் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தேன். பத்தடி போவதற்குள், நான் போட்ட மேட்டிலேயே தடுக்கினேன். நாற்காலி சரிந்தது. அக்கா என் தலைமயிரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மூச்சு வாங்கியபடி, கோபமே இல்லாமல் சொன்னாள்:

“நீ விடு தம்பி, இவங்களே தூக்கட்டும். எனக்கு நேரமாவுது.”