முதல் க்ளோஸ், கடைசி வீடு

1. டிரேசர்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, லண்டனுக்கு வடக்கே இருந்த ஓர் ஊரைத் திருவொற்றியூருக்குக் கொண்டுவருவது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். ஐம்பதுகளின் நடுவில் ஹைரோட்டை ஒட்டி ஒரு கேபிள் கம்பெனி புதிதாக வந்தது. ஆட்கள் குடியிருக்கக் காலனி கட்ட வேண்டும். அதற்குப் பிளான் போட ஓர் இங்கிலீஷ்காரர் வந்திருந்தார். நான் அவருக்கு டிரேசர். அவர் பென்சிலில் போட்டதை டிரேசிங் துணியில் இந்தியன் இங்க்கால் அச்சு அசலாக எடுக்க வேண்டும். அதிலிருந்து ப்ளூபிரிண்ட் அடித்து சைட்டுக்குப் போகும். டிரேசருக்கு மூளை வேண்டாம், கை நடுங்காமல் இருந்தால் போதும் என்பார்கள். எனக்கு ரெண்டுமே சுமாராகத்தான் இருந்தது.

ஆபீஸ் ஒரு தகரக் கொட்டகை. வேர்வை ஒரு சொட்டு துணியில் விழுந்தால் அந்த இடம் பாழ். அதனால் நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டு வேலை செய்வோம். துரையும் கட்டிக்கொண்டார். ஆனால் 'துரை' என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. "உங்களுக்குத்தான் சுதந்திரம் வந்துவிட்டதே, மிஸ்டர் என்று கூப்பிட்டால் போதும்" என்றார். சரி என்று அன்றிலிருந்து 'மிஸ்டர் துரை' என்று கூப்பிட ஆரம்பித்தோம். கொஞ்ச நாளில் போனை எடுத்தால் அவரே "மிஸ்டர் துரை ஸ்பீக்கிங்" என்றார். நல்ல மனுஷன்.

2. சேற்றில் கட்டிய ஊர்

அவர் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய மேப் தொங்கியது. யுத்தம் முடிந்ததும் அவர் வேலை பார்த்த புது ஊர் அது. டீ வந்தால் போதும், மேப்பைக் காட்டிக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார். அவர் இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

லண்டனில் குண்டு விழுந்து தெருத் தெருவாகப் போயிருந்தது. மிச்சம் இருந்த வீடுகளில் ஜனம் மூட்டை அடுக்கின மாதிரி இருந்தது. இனி லண்டனைப் பெரிதாக்க வேண்டாம், வெளியே புது ஊர்களாகக் கட்டுவோம் என்று சர்க்கார் சட்டமே போட்டது. வயல்காடுகளை வாங்கினார்கள். அங்கே ஏற்கெனவே இருந்த கிராமத்து ஜனம், "எங்கள் ஊரை முழுங்க வந்துவிட்டீர்களா" என்று சண்டைக்கு வந்தது. அதையும் சமாளித்து ஆரம்பித்தார்கள். ஃபேக்டரி எல்லாம் ரயில் பாதைப் பக்கம், வீடுகள் இந்தப் பக்கம். ஊரைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பள்ளிக்கூடம், கடை, நடுவே புல்வெளி. சைக்கிளுக்குத் தனிப் பாதை.

"கேக்கவே ஜோரா இருக்கு சார்" என்றேன்.

"முதல் வருஷம் ஜோராக இல்லை. முழங்கால் வரை சேறு. கடை வரவில்லை, வண்டியில் ரொட்டி வரும். ஒரு பெண் என் ஆபீசுக்கு வந்து அழுதாள். வீடு நன்றாக இருக்கிறது, குழாயில் வெந்நீர் வருகிறது, பேசத்தான் ஆளில்லை என்றாள். அதற்கு நான் என்ன பிளான் போடுவது?" என்றார் மிஸ்டர் துரை. அப்புறம் அந்த ஜனமே சேர்ந்து கிளப்பு, டான்ஸு, தோட்டப் போட்டி என்று ஆரம்பித்து ஊர் ஊராயிற்றாம்.

அந்த ஊரில் அவருக்கு ரொம்பப் பிடித்தது முட்டுச்சந்து. ஒரு சின்னத் தெரு, ரெண்டு பக்கமும் வீடுகள், கடைசியில் தெருவை அடைத்தாற்போல் ஒரு வீடு. அதற்கு அவர்கள் வைத்த பேர் 'க்ளோஸ்'. உள்ளே வண்டி வராது, பிள்ளைகள் பயமில்லாமல் விளையாடும். கடைசி வீட்டுக்குத்தான் அங்கே அடிபிடியாம்.

இந்த க்ளோஸையே நம் காலனிக்கும் போட்டார். அந்த ஊருக்கு வரைந்த பழைய ஷீட்டுகளை வைத்துத்தான் போட்டார் என்பதால் சில வேடிக்கைகள் நடந்தன. வெயில் வீட்டுக்குள் நன்றாக வர வேண்டும் என்று ஜன்னல்களைப் பெரிது பெரிதாகப் போட்டிருந்தார். தகரக் கொட்டகையில் ஒரு சித்திரை மாசம் உட்கார்ந்தார், அவரே ரப்பர் எடுத்து அழித்துவிட்டார். குளிர் காய்வதற்குச் சுவரில் ஒரு குழி இருக்கும், ஃபயர்பிளேஸ் என்பார்கள். அதையும் அழித்தார். கடைசி வீடு மட்டும் கொஞ்சம் அகலம் என்பதால் அதற்குத் தனி ஷீட். அதில் புகைபோக்கியை அழித்தவர், முன் சுவரில் இருந்த சின்னக் கட்டத்தை அழிக்க மறந்துவிட்டார். எனக்கு உத்தரவு அச்சு அசல். நான் எடுத்தேன்.

3. குலுக்கல்

இப்போது என் கதை. ராயபுரத்தில் அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ரூம். நான் வாசலில் கட்டில் போட்டுப் படுப்பேன். டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் பழக்கமானவள் ருக்கு. பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. அவள் அப்பா தனகோட்டி, காசிமேட்டுக்காரர், ஹார்பரில் கிரேன் டிரைவர். பெண் கேட்டுப் போனதும் ஒரே பேச்சுதான் பேசினார்.

"வாசல்ல படுக்கிறவனுக்குப் பொண்ணு குடுத்தா, என் பொண்ணு எங்க படுக்கும்? வூடு ஒண்ணு காட்டு நைனா. தாலிகூட நானே வாங்கித் தர்றேன்."

நியாயமான பேச்சு. கோபம்கூடப் பட முடியவில்லை. காலனி வீடு ஒன்று கிடைத்தால் கல்யாணம், இல்லாவிட்டால் கட்டில்தான்.

முதல் வீடுகள் எழும்பினதும், யாருக்கு எந்த வீடு என்று மேனேஜர் தன் தொப்பியில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார். எனக்கு வந்தது முதல் க்ளோஸ், கடைசி வீடு. மிஸ்டர் துரை ஓடி வந்து கை கொடுத்தார். "ஊரிலேயே நல்ல வீடு உனக்குத்தான்" என்றார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

4. தெருக்குத்து

ஞாயிற்றுக்கிழமை தனகோட்டி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ருக்குவோடு வீடு பார்க்க வந்தார். தெரு முனையில் போர்டு வைத்திருந்தார்கள். ஹார்பரில் பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து அவருக்கு இங்கிலீஷ் எழுத்து கூட்டத் தெரியும்.

"இன்னா இது, ஃபர்ஸ்ட் க்ளோஸுன்னு எழுதிக்கீது?"

"தெருப் பேரு மாமா. இங்கிலீஷ்காரங்க அப்படித்தான் வெப்பாங்க."

"எங்க ஹார்பர்ல க்ளோஸுன்னா வேற. கம்பி அறுந்து மேல வுழுந்தா, ஆளு க்ளோஸு." நிமிர்ந்து தெருவின் கடைசியைப் பார்த்தார். "அதான் உன் வூடா?"

"ஆமா மாமா."

"தெரு நேரா வந்து வாசல்ல குத்துதே. தெருக்குத்து வூடு நைனா இது. அதுல குடி பூந்து உருப்பட்டவன் எவன்? அதுவும் போர்டு வேற போட்டு வெச்சிக்கிறாங்க, மொத க்ளோஸு யாருன்னு. வா ருக்கு."

தெருவுக்குள் ஓரடி வைக்கவில்லை. அப்படியே திரும்பினார். ருக்கு மட்டும் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் கதை மட்டும் இல்லை. மற்ற க்ளோஸ்களில் கடைசி வீடு வந்தவர்களும் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மேனேஜர் மிஸ்டர் துரையைக் கூப்பிட்டு, "ஆள் வரலைன்னா கோடவுன் ஆக்கிடறேன். இனிமே கட்டறதை எல்லாம் நேர் லைன்ல போடுங்க, பாரக்ஸ் மாதிரி" என்று சொல்லிவிட்டார்.

மிஸ்டர் துரை நெற்றித் துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்ன கோளாறு, சொல்" என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இதற்கு மாற்று இருக்கிறதா?"

"இருக்கு சார். தெரு வந்து முட்டற இடத்துல பிள்ளையாரை வெச்சா, குத்தை அவர் வாங்கிப்பார்."

"அவருக்கு வலிக்காதா?"

"அவர் உடம்புக்கு அது கொசுக்கடி சார். ஆனா அவர் உக்கார தெருவைப் பாத்த மாதிரி ஒரு மாடம் வேணும். கட்டின சுவரை உடைக்க மேனேஜர் விடுவாரா?"

"போய்ப் பார்ப்போம்" என்று எழுந்தார்.

5. மேஸ்திரி திருப்பிய குழி

சாரம் பிரித்த பிறகு நாங்கள் ரெண்டு பேரும் அந்த வீட்டுக் கிட்டே போனது அன்றுதான். முன் சுவரில், மார்பு உயரத்தில், தெருவைப் பார்த்து அழகாக ஒரு மாடம் இருந்தது. மேலே வளைவு, கீழே சிமென்ட் பூச்சு. மிஸ்டர் துரை வாயைப் பிளந்தார்.

"இது என் ஃபயர்பிளேஸ்! வெளியே எப்படி வந்தது?"

பலராம மேஸ்திரி கரணையோடு வந்தார். கட்டட வேலை எல்லாம் அவர் பொறுப்பு.

"இன்னா எத்திராஜு, தொரை இன்னா கேக்குறாரு?" என்றார் என்னிடம். "கட்டம் போட்டு வெச்சதே அவருதானே. மத்த வூட்டுக்கு இல்ல, தெருக்குத்து வூட்டுக்கு மட்டும் போட்டிருந்தாரு. பரவால்லியே, வெவரமான தொரையா கீறாரேன்னு நெனச்சேன். உள்பக்கமா வரைஞ்சிருந்துச்சு. அது நீ பண்ண தப்பா இருக்கும்னு வெளிப்பக்கம் திருப்பிட்டேன்."

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். மிஸ்டர் துரை சிரித்த சிரிப்பில் மணல் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"சரி, பிள்ளையாரை எங்கே வாங்குவது?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வாங்கி வெச்சா அவ்ளோ விசேசம் இல்ல. வேற தெருவுலேர்ந்து திருடிட்டு வந்து வெக்கணும்" என்றார் மேஸ்திரி.

"அப்போது அந்தத் தெரு?"

"அவுங்க இன்னொரு தெருவுலேர்ந்து திருடிப்பாங்க."

மிஸ்டர் துரை யோசித்துப் பார்த்துவிட்டு, "பிளானில் ஒரு குறையும் இல்லை" என்றார்.

மறுநாள் டோல்கேட்டில் ருக்குவிடம் மாடத்தைப் பற்றிச் சொன்னேன். பிள்ளையாரைத் திருட எனக்குத் தைரியம் இல்லை என்பதையும் சொன்னேன். "நீ ஒண்ணும் பண்ணாத. எங்க நைனாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று பஸ் ஏறிவிட்டாள்.

அந்த வாரம் ஒரு காலையில் சைட்டுக்குப் போனால், மாடத்தில் கருகருவென்று பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் சந்தனம், தலையில் அருகம்புல். "நான் வெக்கல" என்றார் மேஸ்திரி. "நானும் இல்லை" என்றார் மிஸ்டர் துரை, ரொம்ப சீரியசாக.

ஞாயிற்றுக்கிழமை தனகோட்டி மறுபடி வந்தார். போர்டைப் பார்க்கவே இல்லை. நேரே உள்ளே நடந்து, பிள்ளையார் முன்னால் குட்டிக்கொண்டு, வீட்டைச் சுற்றி வந்தார். குழாயைத் திறந்து பார்த்தார். கடல் காற்று தெரு வழியாக வந்து வாசலில் அடித்தது.

"காத்து நல்லா வருதே. புள்ளையாரு எப்ப வந்தாரு?"

"தெரியல மாமா."

"யாரோ புண்ணியவான். சரி, மாசி பொறக்கட்டும், தாலி கட்டிடு."

கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது மெதுவாகக் கேட்டேன். "அவ்ளோ கனம் மாமா. ஒண்டி ஆளா எப்படி?" அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்:

"கப்பலையே காலி பண்றவன் நான். ஒரு புள்ளையாரத் தூக்கத் தெரியாதா?"

எந்தத் தெருப் பிள்ளையார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

6. பிளான்படி

விஷயம் பரவினதும், திருப்பிக் கொடுத்த சீட்டுகளை எல்லாரும் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். பாரக்ஸ் பேச்சு அடங்கியது. ரெண்டாவது க்ளோஸ் கடைசி வீட்டுக்காரர் மாடத்தில் மாதாவை வைத்தார். மூணாவதில் இருந்த பாய், போகிற வருகிறவர்களுக்குத் தண்ணிப் பானை வைத்தார். அங்கேதான் பெண்கள் நின்று பேசுவார்கள். மிஸ்டர் துரை அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அவர் ஆபீசில் அழுத பெண்ணை நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

அடுத்து கட்டின வீடுகளுக்கும் மாடத்தைச் சேர்த்தே வரைந்தார். டிரேசிங் எடுக்கும்போது, "இதுக்கு என்ன பேர் எழுதறது சார்?" என்று கேட்டேன்.

"ஃபயர்பிளேஸ் என்று எழுது. மாடம் என்றால் மேனேஜர் ஏன் என்று கேட்பார். ஃபயர்பிளேஸ் என்றால் கேட்க மாட்டார்" என்றார். மேனேஜரும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

இப்போது பிளான் வரைகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எல்லாவற்றையும் நீங்களே ரொப்பிவிடாதீர்கள். சுவரில் ஒரு குழியாவது காலியாக விடுங்கள். அதில் என்ன வைப்பது என்று குடி வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் ருக்கு அந்த மாடத்தில் கற்பூரம் ஏற்றுகிறாள். நான் வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன். ஃபயர்பிளேஸில் நெருப்பு எரிகிறது, எல்லாம் பிளான்படிதான்.