ஷாகுல் பாயும் பதினோரு மேல்வீடுகளும்

ஷாகுல் பாய் மவுத்தான செய்தி வந்தபோது என் ரயில் காட்கோபரைத் தாண்டியிருந்தது. அவர் மகள் வாட்ஸ்அப்பில் ஒரே வரி போட்டிருந்தாள், இந்தியில், ஆங்கில எழுத்தில். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. டோம்பிவிலியிலிருந்து பதினான்கு வருடமாக வருவதுபோல அன்றும் சயானில் இறங்கி தாராவிக்குள் நடந்தேன். எங்கள் வேலை அறை அவர் வீட்டின் முன்னறைதான். ஆகவே வேலைக்குப் போகிற வழியிலேயே மய்யித்து வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தேன்.

அவர் எப்பேர்ப்பட்ட மனிதர் என்று அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவர் கல்லிக்காரர்கள், அந்தச் சந்தில் குடியிருப்பவர்கள், எவ்வளவு புகழ்ந்தாலும் கடைசியில், "அந்த லிஸ்ட்ல மட்டும் கோட்டை விட்டுட்டாரு" என்று முடிப்பார்கள். அன்றும் அப்படித்தான் முடித்தார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது சும்மா சொன்னதில்லை. அந்தத் தவறு யாருடையது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் இணையப் பக்கங்கள் செய்து கொடுத்தோம். நிறமும் படமும் என் பாடு. எச்டிஎம்எல்லில் டேபிள் எழுதுவது, அதாவது கட்டம் போட்டு விவரங்களை அடுக்குவது, அவர் பாடு. முதலில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் வரைந்து பார்ப்பார். பிறகு கணினியில் டேபிளைத் திறந்து, அதற்குள் ஒரு வரிசையைத் திறந்து, வரிசைக்குள் கட்டம் கட்டமாகத் தட்டி, திறந்த ஒவ்வொன்றையும் மூடுவார். பாங்கு சொன்னாலும் திறந்த வரிசையை மூடிவிட்டுத்தான் தொழுகைக்கு எழுந்திருப்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

மாட்டுங்காவில் ஒரு டிராவல்ஸ் கடைக்காக, தெற்கே போகும் ரயில்களின் நேரங்களைப் பக்கமாகப் போட்டிருந்தோம். அணுசக்தி நகரிலிருந்து கண் தெரியாத ஒருவர் போன் செய்தார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளில் கேட்டால் நேரம் மட்டும்தான் வருகிறதாம், எந்த ஊருக்கு என்று தெரியவில்லையாம். ஷாகுல் பாய் அதே மென்பொருளைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பக்கம் முழுவதையும் கேட்டார். பிறகு தலைப்புக் கட்டங்களைத் தலைப்பு என்றே குறித்து, முதல் வரிசையில் மட்டும் இருந்த ஊர்ப் பெயரை எல்லா வரிசையிலும் திரும்ப எழுதினார். "ஒவ்வொரு வரிசையும் சொந்தக் கால்ல நிக்கணும்வே. பக்கத்துல இருக்கிறதப் பாத்துப் புரிஞ்சிக்கிடுவாங்கன்னு விடக் கூடாது" என்றார். நான் தலையை ஆட்டினேன். மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

பழைய வீடுகளை இடித்துவிட்டுப் புது வீடு தருவதற்காக அவர் கல்லியில் வீட்டுக் கணக்கெடுப்பு வந்தபோது, குடியிருப்போர் கமிட்டி ஒரு பட்டியலை இணையத்தில் போடச் சொன்னது. வீட்டு எண், குடும்பத்தின் பெயர், எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்ற விவரம். அங்கே கீழே ஒரு குடும்பம், இரும்பு ஏணி ஏறினால் மேலே இன்னொரு குடும்பம், இரண்டுக்கும் எண் ஒன்றுதான். ஷாகுல் பாய் இரண்டு வரிசையிலும் அந்த எண்ணை எழுதியிருந்தார். கமிட்டித் தலைவர் வந்து பார்த்து, ஒரே நம்பர் இரண்டு தடவை வருகிறது, பார்க்க நன்றாக இல்லை என்றார். வெள்ளிக்கிழமை, ஷாகுல் பாய் ஜும்ஆவுக்குப் போயிருந்தார். நான் உட்கார்ந்து பதினோரு இடங்களில் அந்த இரண்டு எண் கட்டங்களையும் ஒட்டி ஒன்றாக்கினேன். லட்சணமாகத்தான் இருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கணக்கெடுப்பு அலுவலகத்தில் பட்டியலை எக்செலுக்கு மாற்றினார்கள். ஒட்டிய கட்டத்தின் எண் முதல் வரிசைக்கு, கீழ்வீட்டுக்கு, மட்டும் போயிற்று. மேல்வீட்டு வரிசைகளில் எண் இல்லை. எண் இல்லாத வரிசைகளை அவர்கள் நீக்கிவிட்டார்கள். பத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பெயரிலிருந்த கரண்ட் பில்லைக் காட்டித் திரும்பச் சேர்ந்துகொண்டார்கள். தையல் வேலை செய்யும் செல்வராணியிடம் அப்படி ஒரு காகிதமும் இல்லை. வீடு போய்விடும் என்ற பயத்தோடு ஒன்றரை வருடம் அலைந்துதான் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டார்.

விஷயம் தெரிந்ததும் கல்லியில் கூட்டம் போட்டு, யார் செய்த வேலை என்று கேட்டார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. கமிட்டித் தலைவரும் வாயைத் திறக்கவில்லை. ஷாகுல் பாய் எழுந்து, பக்கத்தை எழுதியது தான்தான், தவறும் தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். திரும்பி வரும்போது அவரிடம் ஏன் என்று கேட்டேன்.

"ஒமக்கு இங்க வீடு இல்ல. நீரு வெளியாளு. துட்டு வாங்கிட்டு அழிச்சான்னு சொல்லி ஒம்ம மேல கைய வச்சிருவாங்க. என்னைய ஏசத்தான செய்வாங்க? பொறவு மெதுவாச் சொல்லிக்கிடலாம்" என்றார்.

மறுநாள் நான் ஒட்டியதையெல்லாம் பிரித்து எழுதினார். என்னை ஒரு சொல் சொல்லவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றதை நானும் அப்படியே பிடித்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது செல்வராணி கல்லி ஓரமாக நின்றார். மூன்று நாள் கழித்து நான் அவர் வீட்டு ஏணியில் ஏறிப்போய், ஒட்டியது நான்தான் என்று சொன்னேன். தைத்துக்கொண்டே கேட்டவர் மெஷினை நிறுத்தினார்.

"ஆறு வருசமா அந்த மனுசன் இந்த ஏணிக்குக் கீழதான் போவாரு. ஏறிட்டுப் பாத்து, நல்லாருக்கியாம்மான்னு கேப்பாரு. நான் மூஞ்சத் திருப்பிக்கிடுவேன். அண்ணாச்சி, நீங்களும் கூடத்தான வருவீங்க?"

கூடத்தான் வந்தேன். டீ குடிக்கத் தினமும் அந்த வழியாகத்தான் போனோம். அவர் கேட்பதும் இவர் முகத்தைத் திருப்புவதும் என் கண் முன்னால்தான் நடந்தது. செல்வராணி முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஷாகுல் பாய் விட்டுப்போனதில் எனக்கு உரிமையுள்ளது அந்தப் பழி ஒன்றுதான். அதை எடுத்துக்கொள்கிறேன். இனி உங்களில் யாராவது அந்த லிஸ்டைப் பற்றிப் பேசினால், கெடுத்தது டோம்பிவிலி தங்கராஜ் என்று என் பெயரைச் சொல்லுங்கள்.