மூன்றாவது நாற்காலி

எங்கள் குளம் போனதற்கு என் அம்மாதான் காரணம் என்று சொல்பவர்கள் எங்கள் சேரியில் இன்றும் இருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் அவர்களைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கும். உலுக்கியதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். நான் சொல்வது எழுபதுகளின் தொடக்கம். எங்கள் பஞ்சாயத்தில் மொத்தம் ஏழு மெம்பர்கள். ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. தலைவர் யோசித்துப் பார்த்து, தன் வயலில் நடவு நடும் என் அம்மாவைச் சேர்த்துக்கொண்டார். வாய் திறக்க மாட்டாள் என்பதுதான் அவளிடம் அவர் கண்ட தகுதி.

அம்மா ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. கூப்பிட்டால்தானே போக? கூட்டம் முடிந்த மறுநாள் பஞ்சாயத்துக் குமாஸ்தா தீர்மான நோட்டைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வருவார். எங்கள் வீட்டுக்குள் வராமல் தெருவிலேயே நின்று, "மெம்பரம்மா, ஒரு கையெழுத்து" என்பார். அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போடுவாள். அவளுக்கு எழுதத் தெரிந்தது அவள் பெயர் மட்டும். அதையும் நான்தான் சிலேட்டில் எழுதிக் கற்றுக்கொடுத்திருந்தேன். என்ன தீர்மானம் என்று அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

அந்தத் தடவை மட்டும் கூட்டத்துக்கு முன்பே ஒரு தாள் வந்தது. "ஆபீசர் நேர்லயே வந்து உக்காரப் போறாரு. நோட்ட ஊடு ஊடா எடுத்துனு சுத்த முடியாது. கூட்டத்துக்கு வந்தவங்க கையெழுத்து மட்டுந்தான்" என்று குமாஸ்தா சொல்லிவிட்டுப் போனார். தாளை நான் படித்துக் காட்டினேன். ஊருக்கு மேற்கே உள்ள குளத்தையும் அதை ஒட்டிய புறம்போக்கையும் ஒரு கம்பெனிக்குக் கொடுப்பதில் பஞ்சாயத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் போட வேண்டுமாம். எனக்கு ஆட்சேபணை என்றால் என்னவென்று தெரியவில்லை. அம்மாவுக்குக் குளம் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது.

ஊர்க் கிணற்றில் எங்களைத் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள். குடிக்கவும் சமைக்கவும் எங்களுக்கு இருந்தது அந்தக் குளம் ஒன்றுதான்.

"நம்ம தண்ணிய குடுக்கறதுக்கு எங்கையெழுத்தா?" என்றாள் அம்மா. "நான் போறேன். போயி முடியாதுன்னு சொல்றேன்."

அப்பா தயங்கினார். "கம்பெனி வந்தா வாச்மேன் வேல குடுப்பாங்கன்னு பேசிக்கிறாங்க மே."

"வாச்மேன் வேல பாத்துட்டு வந்து இன்னாத்த குடிப்ப?"



மூன்று நாள் பயிற்சி நடந்தது. கூடையைக் கவிழ்த்துப் போட்டு நான் தலைவராக உட்கார்ந்துகொள்வேன். "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்பேன். அம்மா கைகளை மடியில் இறுக்கி வைத்திருப்பாள். "எதிர்க்கிறவங்க?" என்றதும் கையைத் தூக்கி, "எனக்கு சம்மதம் இல்ல" என்பாள். முதல் நாள் சிரித்துவிட்டாள். மூன்றாம் நாள் சிரிக்கவில்லை.

கூட்டத்தன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு. அம்மா தலைவர் வயலில் நடவுக்குப் போயிருந்தாள். காலையில் மாமா வந்தார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அவரும் ஒரு மெம்பர். அம்மா மெம்பரான நாளிலிருந்து அவளைக் கேலி செய்வதே அவருக்கு வேலை. சைக்கிளிலிருந்து இறங்காமலே ஒரு காலை ஊன்றி நின்றார்.

"இன்னாடி கலெக்டரம்மா பொண்ணு, உங்கம்மா இல்ல?"

"நடவுக்குப் போய்கீது."

"வந்தா சொல்லு. இன்னிக்கு கூட்டத்துக்குப் போவ வோணாம். நான் சொன்னேன்னு சொல்லு."

"ஏன் மாமா?"

"ஏன் இன்னாத்துக்குன்னு கேக்காத. சொன்னத சொல்லு, போதும். நான் பழவேற்காட்டுக்கு மீன் வாங்கப் போறேன். சாயங்காலம் வரேன்."

போய்விட்டார். தலைவர் வயலில், தலைவர் ஆட்கள் முன்னால், அம்மாவிடம் அவர் பேசியிருக்க முடியாது. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். என் அம்மா நாற்காலியில் உட்காருவதை இந்த ஆளால் பொறுக்க முடியவில்லை. கூட்டத்துக்குக்கூடப் போகாமல் மீன் வாங்கப் போகிறவர், போகிறவளைத் தடுக்கப் பார்க்கிறார்.

அம்மா சேறும் சகதியுமாக வந்தாள். குளித்தாள். கல்யாணத்துக்குக் கட்டும் பச்சைப் புடவையை எடுத்துக் கட்டினாள். "யாராவது வந்தாங்களா?" என்று கேட்டாள்.

"யாரும் வரல" என்றேன்.

பஞ்சாயத்து ஆபீஸ் ஒரே அறை. ரேடியோப் பெட்டி, ஒரு மேசை, சுற்றி நாற்காலிகள். தலைவரும் அவருடைய பங்காளியான ஒரு மெம்பரும் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற நாற்காலிகள் காலி. ஆபீசர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். பேண்ட் போட்ட ஒருவர், கம்பெனிக்காரர், சுவரோரமாக நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன்.

அம்மா வாசற்படியில் நின்றாள். தலைவர் அவளைப் பார்த்தார். பார்த்த உடனே எழுந்துவிட்டார். என் அம்மாவைப் பார்த்து அவர் எழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"வாம்மா, வா! உள்ள வா. இன்னா அங்கியே நின்னுட்ட? உக்காரு, உக்காரு." தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார். "மெம்பரம்மாவுக்கு ஒரு கலர் வாங்கியாரச் சொல்லுப்பா."

ஆபீசர் மறுபடி உட்கார்ந்தார். "மூணு பேர் ஆச்சு சார்" என்று குமாஸ்தா நோட்டைப் பிரித்தார். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். முதலில் வருகைக்குக் கையெழுத்து. அவள் எழுத்து எழுத்தாகப் பெயரை எழுதி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.  மாமா இதைப் பார்க்க இல்லையே என்று நினைத்தேன்.

தீர்மானத்தைக் குமாஸ்தா படித்தார். தலைவரும் பங்காளியும் கை தூக்கினார்கள். எதிர்ப்பவர்கள் என்றதும் அம்மா கையைத் தூக்கினாள்.  

"எனக்கு சம்மதம் இல்ல. அது எங்க தண்ணி. நாங்க வேற எங்க போவோம்?"

தலைவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "எழுதிக்கப்பா" என்றார் குமாஸ்தாவிடம். "அம்மா சொல்றத ஒண்ணு விடாம எழுதிக்க. ஆதரவு ரெண்டு, எதிர்ப்பு ஒண்ணு. தீர்மானம் நிறைவேறிச்சு."

கலர் சோடா வந்தது. அம்மா அதைத் தொடவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மாமா வந்தார். கையில் ஓலையில் கட்டிய மீன். முகம் செத்துப்போயிருந்தது. வழியிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னா மே பண்ண நீ? மூணு பேர் இல்லாம கூட்டமே நடத்த முடியாது மே! நாங்க நாலு பேரும் அதுக்குத்தான் ஊர உட்டே போனோம். இன்னிக்கு தீர்மானம் கைல கெடைக்கலன்னா வேற ஊரப் பாத்துனு போயிடுவேன்னு கம்பெனிக்காரன் சொல்லினு இருந்தான். இன்னிக்கு ஒரு நாள் தாண்டியிருந்தா போதும்!"

நான்கு பேர். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு மாமனார் வீட்டில் கல்யாணம், ஒருவரின் மாடு காணாமல் போய்விட்டது, மாமாவுக்கு மீன். தலைவர் நிலத்தில் பயிர் வைப்பவர்கள் எல்லோரும். அவர் முகத்துக்கு நேரே கை தூக்க அவர்களுக்குத் தைரியம் கிடையாது. வராமல் இருப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஓட்டு. அன்று காலை டீக்கடையில் பேசி முடிவு செய்தவர்கள் ஏழில் ஒருத்தி பெண் என்பதையே மறந்திருந்தார்கள். மாமாவுக்கு மட்டும் போகிற வழியில் நினைவு வந்திருக்கிறது. இன்றும் எனக்கு அந்த நான்கு பேர் மேல் ஆத்திரம்தான். ஆனால் அன்று அவர்கள் போட்ட கணக்கு சரியான கணக்கு.

மாமா என் பக்கம் திரும்பினார். "காலீல வந்து உங்கிட்ட சொல்லிட்டுப் போனேனே. சொல்லல?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் பார்வை என் மேல் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாது.

"சொல்லிச்சுண்ணா" என்றாள். "நான்தான் கேக்காம போனேன்."

மாமா மீனைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த கோடைக்குள் லாரி லாரியாக மண் வந்து குளத்தை மூடியது. மதில் எழுந்தது. அப்பாவுக்கு வாச்மேன் வேலை கிடைக்கவில்லை. பெண்கள் ரயில்வே கேட் பக்கம் இருந்த குழாய்க்கு அரை மணி நேரம் நடந்தார்கள். "தண்ணி எங்கன்னு மெம்பரம்மாவக் கேளு. அண்ணன் வாணாம்னு சொல்லியும் நாற்காலி ஆசையில போனவளாச்சே" என்று அவள் காதில் விழும்படியே பேசினார்கள். அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடப்பாள். பதில் சொல்ல மாட்டாள். சாகும்வரை சொல்லவில்லை. என்னிடமும் கேட்கவில்லை.

அன்று மாலை மாமா வைத்துவிட்டுப் போன மீனைத்தான் குழம்பு வைத்தாள். முள் இல்லாத துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தாள். மாமாவிடம் அறை வாங்காமல் தப்பித்துவிட்டோம், அம்மா ஒரு சின்னப் பொய் சொல்லிக் காப்பாற்றிவிட்டாள், விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். நல்ல பசி. இன்னொரு துண்டு கேட்டேன். சட்டியில் இல்லை. அம்மா தன் தட்டிலிருந்து எடுத்து வைத்தாள்.