மாமா கழற்றிய ஃபில்டர்

சிதம்பரத்தில் காரை சர்வீசுக்கு விட்டால் ஆயில் ஃபில்டரைக் கழற்றும்வரை நான் பக்கத்திலேயே நிற்பேன். போன வாரமும் நின்றேன். பழைய ஃபில்டர் குப்பைத் தொட்டியில் விழுந்ததும் குனிந்து எடுத்துப் பார்த்தேன். “என்னா சார், மோதிரம் கீதிரம் வுழுந்துடுச்சா?” என்று மெக்கானிக் சிரித்தார். நான் தேடியது அதன் வாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தை.

கையில் ஒட்டிய கறுப்பு ஆயில் வாசனை சோப்புக்கு அடங்காது. அந்தக் காலத்தில் அக்கா வீட்டில் எப்போதும் அந்த வாசனைதான், கருவாட்டோடு கலந்து. அக்காவின் கணவர், என் மாமா, கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு டிரைவர். நான் அங்கே ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். மாதச் சம்பளக்காரன் என்ற மிதப்பு வேறு. மூன்று வேளைச் சோறு அக்கா வீட்டில்தான்.

ஃபில்டர் மாற்றினால் பழையதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம். பழைய வளையம் சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்க்காமல் புதியதை மாட்டினால், வளையத்தின்மேல் வளையம் பிதுங்கி, நடுக்கடலில் ஆயில் கொட்டி எஞ்சின் இறுகிவிடும். “வாஷர் எங்க, காட்டு” என்று அந்த வளையத்தைக் கேட்பாள் அக்கா. “உங்கக்கா கோர்ட்டுல இருக்க வேண்டியவ மச்சான்” என்று சொல்லிக்கொண்டே மாமா காட்டுவார். பிறகு அதைக் கொல்லையில் ஒரு டப்பாவில் கவிழ்த்து வைப்பார். வடிகிற ஆயில் படகின் மரத்தில் பூச ஆகும்.

ஒரு நாள் அக்கா திருப்பாதிரிப்புலியூர் சந்தைக்குப் போயிருந்தபோது மாமா ஃபில்டரை மாற்றிவிட்டுக் கடலுக்குப் போனார். கூட இரண்டு பேர். யாரும் திரும்பவில்லை. புயல் இல்லை, பெரிய காற்றுகூட இல்லை. தேடிப்போன படகுகள் வெறுமனே வந்தன. அன்று அக்கா வாஷரைப் பார்க்கவில்லை என்பது தெருவுக்கே தெரிந்திருந்தது; பழைய ஃபில்டரைத் தேடிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

“டிரைவரு வாஷர பாக்காம மாட்டிட்டான், எங்க ஊட்டு ஆம்பளயும் போச்சு” என்று மற்ற இரண்டு வீட்டுப் பெண்களும் தெருவில் நின்று கதறினார்கள். குழாயடியில் அக்காவின் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் மாமாமேல் கோபம்தான்.

அக்காவுக்குச் சம்மதமில்லாமலே கருமாதிக்கு ஏற்பாடானது. கொல்லையைக் கூட்டும்போது டப்பாவில் கவிழ்ந்திருந்த ஃபில்டரை அவள் நிமிர்த்தினாள். வளையம் அதிலேயே இருந்தது. முந்தானையெல்லாம் ஆயில் வடிய அந்த வீடுகளுக்கு ஓடினாள். “பாருங்கடி, அவுரு சரியாத்தான் போட்டுருக்காரு!” ஒருத்தி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டாள். அழுதுகொண்டிருந்த அக்கா சட்டென்று நிறுத்தி அவளிடம் கேட்டாள்: “அப்ப ஏன்டி வரல?”

அதுவரை எங்களுக்கு ஒரு காரணம் இருந்தது. தப்பான காரணம்தான், ஆனாலும் பிடித்துக்கொள்ள ஒன்று. அன்றோடு அதுவும் போயிற்று.

அந்தத் தெருவைப் பிற்பாடு கடல் அரித்துவிட்டது. குழாய் இருந்த இடத்தில் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. அந்தப் பெண்கள் எந்த ஊருக்குப் போனார்கள் என்று தெரியவில்லை. அக்கா இப்போது என்னோடு இருக்கிறாள். இன்னும் பொட்டு வைத்துக்கொள்கிறாள்.