நர்கீஸ் கேட்ட மறைப்பு

பேகம்பூரில் ஜெய்தூன் பீவி வீட்டுச் சொளகுக்கு இரண்டு வேலை. காலையில் அரிசி புடைக்கும். மதியச் சாப்பாடு ஒதுங்கியதும் பக்கத்து வீட்டு நர்கீஸின் கட்டிலோரம் சின்னச் சுவராக நிமிர்ந்து நிற்கும்.

நர்கீஸுக்கு இரண்டு கரு தங்கவில்லை. மூன்றாவது உண்டானதும் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லி, கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தச் சொல்லிவிட்டார். இருபது வயதுப் பெண் எத்தனை நாள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்? எழுந்து நடக்கப் பார்த்தாள். அவளைக் கிடத்தி வைக்கத்தான் ஜெய்தூன் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தாள்.

ஜெய்தூன் கதை சொல்வாள். கதைக்குள் நர்கீஸ் ஆட்டுக்காரி. அய்யலூர்ச் சந்தையில் வாங்கிய சினையாட்டை மலை தாண்டி ஓட்டிக்கொண்டு போகிறாள். பூ விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு வரும் மாயக்காளும் வந்து உட்காருவாள்; கதையில் அவள் துணைக்கு வரும் கழுதைக்காரி. எந்தப் பாதையில் போவது, யாரை நம்புவது என்று அவர்களே சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதைப் புளியங்கொட்டை சொல்லும். ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெளுத்த ஐந்து கொட்டைகள். வெள்ளை கூடுதலாக விழுந்தால் நல்லது. ஐந்தும் கருப்பானால் ஆடே பறிபோகும். ஜெய்தூன் சொளகுக்குப் பின்னால் உருட்டுவாள். மறைவில் கள்ளன் இருக்கிறானா, புதர்தானா என்பது முன்னாலேயே தெரிந்துவிட்டால் கதையில் என்ன ருசி இருக்கிறது?

இடையில் நர்கீஸ் ஒரு நாள் வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "மாமி, இந்த ஆடு கரை சேந்துட்டா இதுவும் சேந்துரும்."

"அடி கோட்டிக்காரி, அது கதை" என்றாள் ஜெய்தூன். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் பிஸ்மி சொல்லித்தான் உருட்டினாள்.

ஏழாம் மாதத்தில் நர்கீஸுக்கு நெஞ்சு கரித்தது. டாக்டரம்மா செங்கல்லை எடுக்கச் சொன்னார். தலைக்கு இரண்டு தலையணை வைக்கச் சொன்னார். இறங்க மட்டும் இன்னமும் அனுமதியில்லை. தலை உயர்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள். சொளகு உயரவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அன்று கதையில் காட்டாறு. தண்ணீர் இடுப்பளவு.

"கழுதை மேல ஆட்ட ஏத்து" என்றாள் மாயக்காள். "என் கழுதை நீந்தும். போன வாரம் என்னையே சொமந்துச்சு, ஆட்டச் சொமக்காதா?"

நர்கீஸ் சிரிக்கவில்லை. "நானே தோள்ல தூக்கிட்டுப் போறேன். உருட்டுங்க மாமி."

ஜெய்தூன் உருட்டினாள். ஐந்தும் கருப்பு.

"மூணு வெள்ளை" என்றாள். "கல்லு வழுக்குச்சு, ஆனாலும் சமாளிச்சு..."

"பொய் சொல்றீங்க."

நர்கீஸின் கண் சொளகின் விளிம்புக்கு மேலாகத் தரையில் நிலைத்திருந்தது. ஜெய்தூன் கையால் கொட்டைகளை மூடினாள். மூடியதே ஒப்புக்கொண்டதுபோல் ஆயிற்று.

"அஞ்சும் கருப்பு. நான் பாத்தேன். ஆடு போச்சு." அவள் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தாள். "இன்னும் எத்தன தடவ மாத்திச் சொன்னீங்க?"

ஜெய்தூன் கொட்டைகளை மூடிய கையை எடுக்கவில்லை. நர்கீஸ் ஒரு காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டாள். "என்னைய விடுங்க, மூச்சு முட்டுது, செத்த நேரம் வாசலுக்குப் போறேன்." மாயக்காள் பாய்ந்து அந்தக் காலை அப்படியே அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஏத்தா ஜெய்தூனு, வாயத் தெறந்து எதையாச்சும் சொல்லு! புள்ள எறங்குதுல்ல!"

"ரெண்டு தடவ" என்றாள் ஜெய்தூன். "பாம்பு வந்தப்ப ஒண்ணு, இப்ப ஒண்ணு. வேற எதையும் மாத்தல, சத்தியமா. நீ வகுத்தத் தடவிக்கிட்டே பாக்குற, நான் எப்படி ஆடு செத்துச்சுன்னு சொல்லுவேன்?"

கால் மாயக்காளின் பிடியில் இறுகி, பிறகு மெல்லத் தளர்ந்தது. நர்கீஸ் அதைக் கட்டில் மேல் இழுத்துக்கொண்டாள். வெளியே ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துப் போனான்.

"நாளைக்கு வேற மறைப்பு கொண்டாங்க" என்றாள் கடைசியில். "எனக்குத் தெரியக் கூடாது. நீங்க என்ன சொல்றீங்களோ அதான் விழுந்துச்சு."

மறுநாள் ஜெய்தூன் வீட்டையே தூக்கிக்கொண்டு வந்தாள். தலையணையிலிருந்து நர்கீஸ் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னாள். சொளகைத் தள்ளி வைத்தாலும் தெரிந்தது. பித்தளைத் தாம்பாளம் உயரம்தான். ஆனால் அதன் பளபளப்பில் கொட்டை நிழலாடியது. ட்ரங்குப் பெட்டியை நிறுத்தினால் ஜெய்தூனே மறைந்துபோனாள்.

"ஐயோ, மொகம் தெரியணும் மாமி. மொகம் தெரியாம என்ன கதை?"

கடைசியாகப் பிரித்தது, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் ஜெய்தூனின் வீட்டுக்காரர் அப்பாஸ் கொண்டுவந்த செருப்பு அடித்தோல் துண்டு. தடித்த மாட்டுத்தோல். மூன்றாக மடித்ததும் தானாக நின்றது. வெளிச்சம் புகவில்லை, காற்றுக்குச் சாயவில்லை. ஜெய்தூனின் முகவாய்க்குக் கீழே முடிந்தது.

"நாறுது" என்றாள் மாயக்காள்.

"கொட்டை தெரியல" என்றாள் நர்கீஸ். "இதான்."

முந்தைய நாள் உருட்டியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை; ஆறு அப்படியே பெருகிக்கொண்டிருந்தது. ஆடு தோளில். ஜெய்தூன் பிஸ்மி சொல்லி உருட்டினாள். குனிந்து பார்த்தவள் மூச்சை இழுத்தாள். ஐந்தும் வெள்ளை.

"அஞ்சும் வெள்ளைடி! கரையேறிட்ட!"

நர்கீஸ் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு, பெரியவர்களின் பொய்யை மன்னிப்பவள் போலச் சிரித்தாள். ஜெய்தூனின் கை தோலை விலக்கப் போயிற்று.

"வேணாம் மாமி, காட்டாதீங்க. சொன்னாப் போதும்."

கை அப்படியே நின்றது. மாயக்காள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நர்கீஸ் கடைசி வரை கட்டிலை விட்டு இறங்கவில்லை. மாதம் முடிந்து பெண் குழந்தை பிறந்தது. தெருவே கேட்க அழுதது. தோலை அப்பாஸ் செருப்பாகத் தைத்துக்கொண்டார்.

அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் ஜெய்தூனுக்கு ஆறவில்லை. "அன்னைக்கு நெசமாவே அஞ்சும் வெள்ளைதான் புள்ள" என்பாள்.

"ஆமா மாமி" என்பாள் நர்கீஸ்.

"ஆமாமா" என்பாள் மாயக்காள், கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே. "எங் கழுதையும் நீந்துச்சு."